பழைய மினி பஸ்ஸைச் சுற்றுப்பிரயாண வண்டியாக மாற்றுதல்

தமிழ்நாட்டில் 1997-ஆம் வருஷத்தில் மினி பஸ் திட்டம் ஏற்பட்டது முதல், பெரிய பஸ் செல்லாத பல கிராமங்களுக்கு இச் சிறு பஸ்கள் ஓடி வந்திருக்கின்றன. அவற்றுள் வயது முதிர்ந்தவை தடத்திலிருந்து விலக்கப்பட்டுப் பட்டறைகளின் பின்புறத்திலும் புளியமர நிழலிலும் நிற்பதைக் காணலாம். இத்தகைய வண்டியொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஆசனங்களை அகற்றிவிட்டு, படுக்கை, விளக்கு, விசிறி, குளிர்பெட்டி முதலிய ஸௌகரியங்களை அமைத்துச் சுற்றுப்பிரயாணத்துக்கு உபயோகிக்கலாமா என்று குடியானவர்கள் சிலர் கேட்டு வருகின்றனர்.

இக்கேள்வி விவசாயப் பத்திரிகைக்குப் புறம்பானதன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ, கோயமுத்தூர்ச் சர்வகலாசாலையின் பயிர்ப் பண்ணைகளையோ, பெரியகுளத்துப் பழத்தோட்டத்தையோ பார்க்க விரும்பும் ஒரு கிராமத்தார், இரண்டு மூன்று இரவுகள் வெளியூரில் தங்க வேண்டியிருக்கிறது. தங்கும் செலவுக்கு அஞ்சியே பலர் போகாமல் நின்றுவிடுகின்றனர். ஆறு பேர் படுக்கக்கூடிய வண்டி ஒன்று கிராமத்துக்குப் பொதுவாக இருக்குமானால் அக்குறை நீங்கும். தை அறுவடை முடிந்த பிறகு அதே வண்டி குடும்பத்தாருடன் க்ஷேத்திராடனம் செல்லவும் உதவும்.

எனினும் ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ் என்பது ஜனங்கள் விழித்துக்கொண்டு உட்கார்ந்து சில மணி நேரம் செல்வதற்காகக் கட்டப்பட்டது. நாம் செய்ய உத்தேசிப்பதோ, ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதற்குரிய வண்டி. விழித்திருப்பவன் புகை நாற்றத்தை உடனே அறிவான், தூங்குகிறவன் அறியமாட்டான். ஆகையால் மெத்தையின் நிறத்தையும் டெலிவிஷன் பெட்டியின் அளவையும் யோசிப்பதற்கு முன், வண்டியின் பாரம், மின்சாரம், உள்ளே வந்து போகும் காற்று ஆகிய மூன்றையும் கணக்கிட வேண்டும். பட்டறைக்காரர்களிற் பலர் இதை நேர்மாறாகச் செய்கின்றனர்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.ஸி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குச் செல்வது நலம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை நம் இஷ்டம் போல் மாற்ற இடமில்லை. 2019-ஆம் வருஷத்தில் ஸுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தித் தீர்ப்புக் கூறியிருக்கிறது. ஆகவே ஆசனங்களைக் குறைப்பதற்கும், பஸ் என்ற வகுப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். படுக்கையுள்ள மோட்டார் வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்னும் தனி விதிகளும் இருக்கின்றன. அவற்றை அறிந்த பட்டறையாரிடம் வேலையை ஒப்புவிப்பது உத்தமம். வேலையெல்லாம் முடிந்த பின்பு அனுமதி கேட்பது, பயிர் கருகிய பின்பு மடை திறப்பதற்கு ஒப்பாகும். மேலும், ஆர்.ஸி. புத்தகத்துக்கு மாறான வண்டி விபத்துக்குள்ளானால் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் நஷ்ட ஈட்டை மறுக்கவும் கூடும்.

ஏலத்தில் ஸர்க்கார் வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்று மயங்க வேண்டாம். 15 வருஷம் கடந்த ஸர்க்கார் வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பது 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அவை இரும்புக்கு ஆகுமேயன்றி ரஸ்தாவுக்கு ஆகா.

வண்டியைப் பார்க்கையில் எஞ்சினைவிடத் தகட்டையே அதிகமாகப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட ஒவ்வொரு தாலூகாவிலும் ஆள் உண்டு. துரு தின்ற அடிச்சட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒருவராலும் ஆகாது. தரையின் மேல்விரிப்பைக் கிழித்துவிட்டு, பின் சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகள், வாசற்படியின் மூலைகள், முன் கண்ணாடியின் ரப்பரைச் சுற்றிய இடம் ஆகியவற்றை ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓசை கணீரென்று கேட்டால் நல்லது. நுனி உள்ளே புதைந்தால் அவ்விடத்தில் தகடு இல்லை, வர்ணம் மட்டுமே இருக்கிறது. அதன் பிறகு ஒருவர் கூரைமேல் ஹோஸ் குழாயால் அரைமணி நேரம் தண்ணீர் பாய்ச்ச, மற்றொருவர் உள்ளே இருந்து ஒழுகுமிடங்களைச் சாக்கட்டியால் குறிக்க வேண்டும். ஐப்பசி மழை கற்பிக்கும் பாடத்தைச் சித்திரையிலேயே இவ்வாறு கற்றுக்கொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். 1418 என்றிருந்தால் அது 2018-ஆம் வருஷத்தின் 14-ஆம் வாரத்தில் செய்யப்பட்டதாகும். பட்டன் தேயாதிருந்தாலும், நெடுநாள் வெயிலில் நின்று வெடிப்புக் கண்ட டயரை நம்பலாகாது.

பாரம்

ஆர்.ஸி. புத்தகத்தில் வெறும் வண்டியின் எடையும், பாரத்துடன் இருக்கத்தக்க மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நமது மூலதனம். 24 பேர் அமரும் பஸ்ஸில், ஆளுக்கு 65 கிலோ வீதம், ஆட்கள் மட்டும் 1,560 கிலோ ஆகின்றனர். ஆறு பேரே செல்லப்போகிறோமாகையால் மீதி வேண்டிய மட்டும் இருக்கிறதென்று தோன்றும். ஆனால் 8 அடிக்கு 4 அடி அளவும் 18 மில்லிமீட்டர் கனமும் உள்ள ப்ளைவுட் பலகை ஒன்று ஏறக்குறைய 30 கிலோ நிற்கும். தச்சர் அத்தகைய பலகைகள் இருபதை எளிதிற் செலவழித்துவிடுவார். 600 கிலோ அங்கே போயிற்று. கட்டிலுக்கும் அலமாரிக்கும் அலுமினியச் சட்டமும் 9 அல்லது 12 மில்லிமீட்டர்ப் பலகையும் போதும். வீட்டு மரச்சாமான் செய்யும் தச்சரிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்வதுதான் கஷ்டம்.

பாரத்தின் அளவு எவ்வளவு முக்கியமோ, அதன் இடமும் அவ்வளவு முக்கியம். வைக்கோற்போர் ஏற்றிய வண்டி சாய்வதைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 100 லிட்டர்த் தண்ணீர் 100 கிலோ. அதைக் கூரைமேல் வைக்கும் வழக்கம் தவறு. தண்ணீர்த் தொட்டி, பாட்டரி ஆகிய கனமான பொருள்கள் இரண்டு அச்சுக்களுக்கும் நடுவே, தரையோடு ஒட்டி, இடவலம் சமமாக இருக்க வேண்டும். ஆசனங்களை அகற்றியவுடன் ஒரு தரமும், வேலை முடிந்து தொட்டி நிறைந்தபின் ஒரு தரமும் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோய், முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் நிறுத்து எழுதிக்கொள்வது அவசியம். அதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலையில் மிகச் சிறு பாகமே.

எல்லாச் சாமான்களும் சட்டத்தோடு போல்ட்டுப் போட்டு இறுக்கப்பட வேண்டும். வண்டி ஓடுகையில் படுக்கையில் ஒருவரும் இருத்தல் கூடாது. ஆறு பேருக்கும் முன்னோக்கிய ஆசனமும் பெல்ட்டும் இருத்தல் வேண்டும்.

உஷ்ணம்

குளிர் நாட்டார் இத்தகைய வண்டிகளுக்குப் பஞ்சு வைத்துக் கட்டுவது உள்ளேயுள்ள வெப்பம் போகாதிருப்பதற்காக. நமக்கு வேண்டியது வெளி வெப்பம் வராதிருப்பது. சித்திரை வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் மாடு கட்டியவர்கள் தகட்டுக் கூரையின் குணத்தை அறிவார்கள். முதல் பரிகாரம் வெள்ளை வர்ணமே. கரும் வர்ணம் வெயிலின் பெரும்பாகத்தை விழுங்கிவிட, வெள்ளை அதைத் திருப்பியனுப்பிவிடுகிறது. இரண்டாவது, கூரைத் தகட்டின் அடியில் நீர் உறிஞ்சாத நைட்ரைல் ரப்பர் நுரைத்தகடு ஒட்டுவது. மலிவாயிருக்கிறதென்று தெர்மாகோலைப் பலர் வைக்கின்றனர். அது எளிதில் தீப்பற்றி நச்சுப் புகை கக்குவதாகையால், தூங்கும் அறைக்கு அது தகாது. சோலார் பேனலைக் கூரையிலிருந்து மூன்று நான்கு விரற்கடை உயர்த்திப் பொருத்தினால், இடையே காற்று ஓடிக் கூரைக்கு அதுவே பந்தலாகிவிடும்.

கூரையின் நடுவில் உள்ளிருந்து வெளியே காற்றை இழுக்கும் விசிறி ஒன்றும், நிழற்பக்கத்தில் தாழ்வாகக் கொசுவலை அடித்த திறப்பு ஒன்றும் இருந்தால், சூடான காற்று மேலே வெளியேறக் குளிர்ந்த காற்று கீழே நுழையும்.

மின்சாரம்

பாட்டரி வாங்குவதற்கு முன் ஒரு நாளைய செலவை எழுதிப் பார்க்க வேண்டும். வாட் அளவை மணியால் பெருக்கினால் வருவது வாட்-மணி. 1,000 வாட்-மணி கொண்டது ஒரு யூனிட். 25 வாட் விசிறிகள் இரண்டு 8 மணி நேரம் ஓட 400. 5 வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து 5 மணி நேரம் எரிய 125. 12 வோல்ட்டில் ஓடும் சிறு குளிர்பெட்டிக்கு நமது வெயிலில் ஏறக்குறைய 500. டெலிபோன்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் 150. மாலையில் கிராமச் சாவடியில் படங்காட்டும் சிறு புரொஜெக்டர் 80 வாட் வீதம் 2 மணிக்கு 160. தண்ணீர் மோட்டாருக்கு 20. ஆக 1,355 வாட்-மணி, அதாவது ஒன்றே கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம்.

லிதியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி அளவுள்ளது 2,560 வாட்-மணி கொள்ளும். பத்தில் ஒன்பது பாகம் எடுக்கலாமாகையால், வெயிலே இல்லாவிடினும் ஒன்றரை நாளைக்கு மேல் தாங்கும். ஈயப் பாட்டரி மலிவு. ஆனால் அதிற் பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் ஆயுள் குன்றும், பாரமும் அதிகம், சார்ஜ் ஏறுகையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாகையால், அதன் பெட்டிக்கு வெளியே காற்றுப்போக்கி வைத்தாக வேண்டும். கூரைமேல் 400 வாட் சோலார் பேனல் படுக்கையாக இருந்தால், நல்ல வெயிலுக்கு நான்கரை மணி என்று கணக்கிட்டு, சூட்டாலும் தூசியாலும் மூன்றில் ஒரு பாகம் கழித்தாலும், 1,200 வாட்-மணி கிடைக்கும். மழை மாதங்களில் இதை நம்பலாகாது. அப்போது ஓடும் எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏற்ற வேண்டும். ஆனால் நேராக வயர் இழுத்துவிடக் கூடாது. லிதியம் பாட்டரி அளவுக்கு மீறி இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். இடையில் அதற்கென்று உள்ள டி.ஸி. சார்ஜரை அமைக்க வேண்டும். பழைய பஸ் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்த்த பின்பே அச் சார்ஜரை வாங்குதல் நலம்.

ஏ.ஸி. இயந்திரத்தைப் பற்றியே அநேகர் முதலிற் கேட்கின்றனர். 1,000 வாட் இழுக்கும் இயந்திரம் இரவு முழுதும் விட்டுவிட்டு ஓடினாலும் 5 யூனிட்டாவது செலவாகும். மேற்சொன்ன பாட்டரியைப்போல் இரண்டு மூன்று வேண்டும். அவற்றை நிரப்பக் கூரையில் இடம் போதாது. ஊர் மின்சாரம் கிடைக்குமிடத்தில் வயர் போட்டு ஓட்டிக்கொள்ள விரும்புவோர் வைத்துக்கொள்ளட்டும். பாட்டரியால் ஓட்ட நினைப்பவர் தம் பணத்தை வேறு வழியிற் செலவிடலாம்.

வயர் விஷயத்தில் பம்ப் செட் வைத்திருப்பவர்களுக்கு அநுபவம் உண்டு. லைனின் கடைசியில் இருக்கும் மோட்டாருக்கு வோல்ட்டேஜ் குறைவதுபோலவே, இங்கும் மெல்லிய வயரில் குறையும். வீட்டில் 230 வோல்ட்டில் 1,000 வாட் சாமானுக்கு 4 ஆம்பியர் சொச்சம் ஓடுகிறது. 12 வோல்ட்டிலோ அதே வேலைக்கு 83 ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டு வயரிங் செய்பவர் தமது வழக்கப்படி போடும் வயர் இங்கே அடுப்புக் கம்பிபோற் காய்ந்துவிடும். 1,000 வாட் இன்வெர்ட்டரைப் பாட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, 35 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கேபிளால் இணைக்க வேண்டும். 5 மீட்டர் தூரத்திலுள்ள குளிர்பெட்டிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், 5 ஆம்பியருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு வோல்ட்டே குறையும், 1.5 போட்டால் அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். குளிர்பெட்டி அடிக்கடி நின்று நின்று ஓடும்.

பாட்டரியின் பாஸிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பிரதான பியூஸ் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி பியூஸ் வேண்டும். பியூஸின் அளவு அந்த வயர் தாங்கும் அளவுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டுமேயன்றி, சாமானின் பசியைப் பார்த்துப் பெருக்கலாகாது. தகட்டுத் துவாரங்களின் வழியே வயர் செல்லுமிடமெல்லாம் ரப்பர் வளையம் போட வேண்டும். ஓடும் வண்டி ஓயாமல் அதிர்வதால், கூரான தகடு வயரின் மேலுறையைச் சில மாதங்களில் அறுத்துவிடும்.

தீயும் புகையும்

2023-ஆம் வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி விடியற்காலையில், மதுரை ரயில்வே யார்டில் நிறுத்தி வைத்திருந்த யாத்ரீகர் கோச்சு ஒன்றில் தீப்பற்றி 9 பேர் மாண்டனர். விதிகளுக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த காஸ் சிலிண்டரே காரணமென்று ரயில்வேயார் அறிவித்தனர். அது ஓடிக்கொண்டிருந்த வண்டியன்று, நின்றுகொண்டிருந்தது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் மேலே போகாமல் தரையிலேயே தங்கிப் படுக்கைகளுக்கடியிற் பரவும். ஆகவே வண்டிக்குள் சமையல் கூடாதென்பது என் உறுதியான அபிப்பிராயம். பின்புறத்தில் பந்தல் இழுத்து வெளியே சமைக்கலாம். காஸ் அடுப்புத்தான் வேண்டுமென்றால், சிறு சிலிண்டருக்கு வெளியிலிருந்து மட்டும் திறக்கக்கூடியதும், அடியில் காற்றுத் துவாரம் உள்ளதும், உட்புறத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாததுமான தனி அறை கட்டித் தர வேண்டும்.

மற்றோர் அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. 2024 டிசம்பரில் கேரளத்திலுள்ள வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடு வாயு உள்ளே புகுந்ததே காரணமென்று பரிசோதனையில் தெரியவந்தது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவனை எழுப்புவதில்லை. துருவைப் பற்றி மேலே நீட்டி எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். தரைத் தகட்டில் காலணா அளவு துவாரம் இருந்தாலும் அடியில் செல்லும் புகைக்குழாயின் கசிவு அதன் வழியே மேலேறும். முன்பக்கத்தில் எஞ்சின் உள்ள மினி பஸ்களில் டிரைவருக்குப் பக்கத்திலுள்ள எஞ்சின் மூடியின் ரப்பர் இற்றுப்போயிருப்பது சகஜம். அதைப் புதிதாகப் போட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு வண்டிக்குள் ஒருவரும் தூங்கலாகாது. ஜெனரேட்டரை வண்டியோடு இணைத்துக் கட்டுவதே கூடாது. தலைமாட்டுக்கு அருகில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றும் கூரையில் புகை அலாரம் ஒன்றும் வைக்க வேண்டும். இரண்டும் கைக்குள் அடங்குபவை.

வாசலைத் தவிர இரண்டாவது வழி ஒன்று உள்ளிருந்து கையால் திறக்கும்படி இருத்தல் அவசியம். பஸ்ஸுக்கென்று முன்பே இருந்த அவசர வழியைக் கட்டிலோ அலமாரியோ அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை இருட்டில், விளக்கில்லாமல், வயதானவர் ஒருவரைக் கொண்டு திறக்கச் செய்து பார்க்க வேண்டும். தீயணைக்கும் கருவி வாசற்படிக்கு அருகில் இருக்கட்டும், கட்டிலுக்கடியில் வேண்டாம்.

தண்ணீரும் மற்றவையும்

உணவுக்குரிய பிளாஸ்டிக்கில் செய்த தொட்டியையே வாங்கி, அடிக்கடி ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும். கக்கூஸுக்குக் கழற்றி எடுக்கக்கூடிய பெட்டி வகையே நமக்குப் பொருந்தும். அதை வாய்க்காலிலும் ஆற்றிலும் கொட்டுவோர் தம் வயலுக்கு அத்தண்ணீர் பாயும்போது என்ன சொல்வரென்று யோசிக்கட்டும்.

பின்பக்கக் காமெரா பெரிய வண்டிக்கு மிகவும் உபயோகமானது. இன்டர்நெட்டுக்கு ஒரு சிறு ரவுட்டர் போதும். குழுவினர் பயிர்களைப் பார்க்கச் செல்வதாயிருந்தால், மண்ணின் கார அமிலத்தை அளக்கும் மீட்டரையும், பூச்சிகளைத் திரையிற் பெரிதாய்க் காட்டும் காமெரா மைக்ராஸ்கோப்பையும் வைக்க ஓர் இழுப்பறை ஒதுக்கினால், டெலிவிஷனைவிட அதுவே அதிகப் பயன் தரும். ஒரு மேஜையும், அதன்மேல் நல்ல விளக்கும், பிரயாணக் குறிப்புகள் எழுத இடமும் வேண்டும்.

வேலையின் வரிசை இது: முதலில் பிரேக், ஸ்டீயரிங், பட்டை ஸ்பிரிங், டயர்; பிறகு துருவைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு பூசுதல்; பிறகு ஜன்னல், விசிறித் துவாரங்கள்; பிறகு நுரைத்தகடு; அதன் பிறகு வயரிங்; எல்லாவற்றுக்கும் கடைசியில் மரவேலை. வயர்கள் சுவருக்குள் மறையுமுன் அவை செல்லும் வழியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பிட்ட தொகையில் நான்கில் ஒரு பங்கைத் தனியாக வைத்திராதவர், தரையைக் கிழித்துப் பார்த்த அன்றே கடன் கேட்கப் புறப்பட வேண்டியிருக்கும்.

முதல் பிரயாணம் 50 மைலுக்குள் ஓர் இரவு மட்டும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி முறுக்கி, பியூஸ் பெட்டியையும் கேபிள் முனைகளையும் கையால் தொட்டுப் பார்த்துச் சூடிருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் செப்பனிட்ட பிறகே குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு தொலைதூரம் புறப்படலாம்.